நூற்றுக்கு நூறு பெற்ற மலைநாடு

அமெரிக்காவுக்குப் போய் வந்தோர் எழுதும் பிரயாணக் கட்டுரைகளில் நியூயோர்க்கின் வானளாவிய கட்டடங்களும், நயாகரா நீர்வீழ்ச்சியும், வெள்ளை மாளிகையும் தவறாது இடம்பெறும். இவற்றைப் பற்றி வாசகர்கள் வேண்டிய மட்டும் வாசித்திருப்பர். ஆகவே அவற்றை விடுத்து, அந்நாட்டவரிலேயே பலர் பெயர் கேட்டறியாத ஒரு மலைப் பிரதேசத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதன் பெயர் ஃபெரி கவுண்டி. காணத்தக்க காட்சிகள் அங்கு பல உண்டு. ஆயினும் என்னை அங்கே இழுத்துச் சென்றது காட்சியன்று, ஓர் எண்.

ஃபெரி கவுண்டி, வாஷிங்டன் என்னும் மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில், கனடாவின் எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. தலைநகரான வாஷிங்டன் வேறு. அது கிழக்குக் கரையிலே, இரண்டாயிரம் மைலுக்கும் அப்பால் உள்ளது. மாணவர் பலர் இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதுண்டு. கவுண்டி என்பது நம்முடைய மாவட்டத்துக்கு ஒப்பானது. யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகமான நிலப்பரப்பு. ஆனால் 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் 7,178 பேர் மட்டுமே. சதுர மைலொன்றுக்கு மூவர் என்று கொள்ளலாம். நம்முடைய பெருங்கோயில்களில் தேர்த்திருவிழாவன்று வடம்பிடிக்க வருவோர் இதனிலும் பலர்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். 2018 டிசெம்பரில் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தார் ஒரு கணக்கை வெளியிட்டனர். அமெரிக்க அரசாங்கத்தின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவின் ஏடுகளின்படி, ஃபெரி கவுண்டியில் வாழ்வோரில் நூற்றுக்கு நூறு பேருக்கும் அகலப்பட்டை இணைய வசதி உண்டு. ஆனால் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தார், தம்முடைய சேவைகளைப் பயன்படுத்துங் கணினிகளுக்குத் தரவுகள் எவ்வளவு வேகத்திற் போய்ச் சேருகின்றன என்று அளந்து பார்த்தபோது, அகலப்பட்டை என்று சொல்லத்தக்க வேகத்தில் இணையத்தைப் பயன்படுத்துவோர் அங்கு நூற்றுக்கு இரண்டு பேரே எனக் கண்டனர். இருபது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தி வருபவன் நான். ஒரே விடைத்தாளுக்கு ஒருவர் நூறும் மற்றொருவர் இரண்டும் இட்டதை இதுகாறும் கண்டதில்லை.

என் தங்கை குடும்பத்தார் ஸ்போகான் நகரிலே வசிக்கின்றனர். 2023 ஆம் ஆண்டுக் கோடையில் அவர்களிடம் சென்றிருந்தபோது, இந்த ஃபெரி கவுண்டி அங்கிருந்து அரைநாட் பயணந்தான் என்று அறிந்தேன். மைத்துனர் அங்கே ஒரு முதியவரின் காணியிலுள்ள சிறு மரவீட்டை வாடகைக்கு எடுத்து, ஆண்டுதோறும் இரண்டொரு நாள் தங்கி மீன் பிடிப்பது வழக்கமாம். நான் அங்கே போக வேண்டும் என்று கேட்டபோது தங்கைக்கு வியப்பு. "அண்ணா, அங்கே பார்க்க மரமும் மலையுந்தான் உண்டு. போனும் வேலை செய்யாது" என்றாள். "அதைத்தான் பார்க்கப் போகிறேன்" என்றேன்.

ஸ்போகானிலிருந்து மேற்கே செல்லும் பெருந்தெருவின் இருமருங்கும் கோதுமை வயல்கள். பரந்தனிலும் கிளிநொச்சியிலும் நெல்வயல் கண்டு பழகிய கண்ணுக்கு, வரம்பே இல்லாமல் மேடும் பள்ளமுமாக அலையெறியும் அந்தப் பொன்வயல்கள் ஒரு புதுமை. வில்பர் என்னும் சிற்றூரில் வடக்கே திரும்பினோம். அதுவரை சமதரையாயிருந்த பூமி திடீரெனப் பிளந்து கீழே இறங்குகிறது. அடியிலே நீலநிறத்தில் ஒரு நீர்ப்பரப்பு. அதுதான் கொலம்பியா நதி. கிராண்ட் கூலி அணையினால் தடுக்கப்பட்டு, நூற்றைம்பது மைல் நீளமான ஏரியாகத் தேங்கி நிற்கிறது.

இவ்விடத்தில் ஏரியைக் கடக்கப் பாலம் இல்லை. மாநில அரசாங்கத்தார் ஓட்டும் ஓர் இயந்திரப் படகு, வாகனங்களையும் மனிதரையும் ஏற்றி அக்கரை சேர்க்கிறது. கட்டணம் இல்லை. நம்மவர் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்குமிடையே 'பாதை' என்று சொல்வார்களே, அதுபோன்றதுதான். பாதையின் ஆங்கிலப் பெயரும் ஃபெரி, கவுண்டியின் பெயரும் ஃபெரி. ஆகவே இதனாலேயே அது அப்பெயர் பெற்றது என்று எண்ணிவிட்டால் தவறு. வாஷிங்டன் மாநிலத்தின் முதலாவது ஆளுநராயிருந்த எலைஷா ஃபெரி என்பவரின் ஞாபகமாக 1899 இல் சூட்டப்பட்ட பெயர் அது.

அக்கரையில் ஏறினால் கொல்வில் செவ்விந்தியர்களின் ஒதுக்கு நிலம். பன்னிரண்டு குலத்தார் ஒன்றாக்கப்பட்டு வாழும் இந்நிலம், ஃபெரி கவுண்டியின் தென்பாதியை அடக்கியுள்ளது. முன்னே வடபாதியும் அவர்களுடையதாகவே இருந்தது. 1892 இல் அதனை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1896 இல் பொன் தோண்டுவோருக்குத் திறந்துவிட்டது. பின்னர் கிராண்ட் கூலி அணை எழுந்தது. மீன்கள் ஏறிச் செல்ல வழி வைக்காமலே அதைக் கட்டினர். கெட்டில் நீர்வீழ்ச்சியில் தலைமுறை தலைமுறையாகச் சல்மன் மீன் பிடித்து வந்த குலத்தார், அது நீரில் மூழ்குமுன் 1940 ஜூனில் அங்கே கூடி, கண்ணீர்ச் சடங்கு என்ற பெயரில் அதற்கு விடைகொடுத்தனர். அந்த அணையின் மின்சாரத்தால் எத்தனையோ நகரங்கள் ஒளிபெற்றன. கொல்வில் மக்களுக்கு அதற்கான நட்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது 1994 இல். கம்பிகள் எவ்வழியாற் போகின்றன, எவர் வீட்டில் இறங்குகின்றன என்ற கேள்வி அந்த மண்ணுக்குப் புதிதன்று.

சான்போயில் ஆற்றின் கரையோடு வளைந்து வளைந்து வடக்கே ஏறுகிறது வீதி. இருபுறமும் பைன் மரங்கள். இடையிடையே ஒரு வீடு, ஒரு குதிரை, ஒரு தபாற்பெட்டி. என் மருமகள், பன்னிரண்டு வயதுச் சிறுமி, பின்னாசனத்திலிருந்து கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டு வந்தாள். ஏரியைத் தாண்டிச் சிறிது நேரத்தில் அவள் தலை நிமிர்ந்தது. படம் அறுந்துவிட்டது. அதன்பின் அவள் சாளரத்தின் வழியே மான்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதிலே எனக்குக் கவலையில்லை என்பதையுஞ் சொல்லிவிட வேண்டும்.

கவுண்டியின் தலைப்பட்டினம் றிப்பப்ளிக். குடியரசு என்று பொருள்படும் இப்பெயர் அரசியலால் வந்ததன்று. அப்பெயருடைய ஒரு பொற்சுரங்கத்தால் வந்தது. ஏறக்குறைய 2,500 அடி உயரத்தில், ஆயிரம் பேர் வாழும் ஊர். பலகைக் கட்டடங்கள் நிரையாக நிற்கும் ஒற்றைப் பெருந்தெரு. இந்த ஊரின் தனிச் சிறப்பு ஸ்டோன்ரோஸ் என்னும் புதைபடிவ நிலையம். ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் ஏரி இருந்தது. அதன் சேற்றில் விழுந்த இலைகளும் பூக்களும் பூச்சிகளும் கல்லாகிக் கிடக்கின்றன. கட்டணம் செலுத்தினால் யாரும் உளியுஞ் சுத்தியலுங் கொண்டு கல்லைப் பிளந்து தேடலாம். கிடைப்பவற்றுள் நாளொன்றுக்கு மூன்றினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்; ஆராய்ச்சிக்கு வேண்டிய அரும்பொருளாயின் நிலையத்தாரே வைத்துக்கொள்வர். மருமகள் பிளந்த ஒரு தகட்டுக் கல்லில், சீப்பின் பற்களைப் போல் நிரைத்த மெல்லிலைகளுடன் ஒரு மரக்கொப்பு, நேற்றுத்தான் உதிர்ந்தது போல் இருந்தது. அதைப் படம்பிடித்து ஸ்போகானிலுள்ள தோழிக்கு அனுப்ப முயன்றாள். கல் ஐந்து கோடி ஆண்டைக் கடந்து வந்துவிட்டது. படம் அன்று மாலைவரை போய்ச் சேரவில்லை.

மரவீட்டுக்குச் சொந்தக்காரரான முதியவரை அன்று பிற்பகல் சந்தித்தேன். பாடசாலைப் பஸ் சாரதியாயிருந்து இளைப்பாறியவர். நான் ஆசிரியன் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. நானும் அவரும் ஒரே உத்தியோகம், அவர் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குபவர், நான் ஏற்றுக்கொள்பவன் என்றார். பெயர் வெளியிடுவது அவருக்கு விருப்பமில்லை. கோப்பி தந்துவிட்டு, நான் கேளாமலே ஒரு தாளைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். ஊரிலே போய் அச்சிட்டு வந்த தேசப்படம். அவருடைய வீடு அதில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு இணைய வசதி உண்டு என்று குறிக்கப்பட்டிருந்தது.

"முப்பத்தோராண்டு இந்தப் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டினேன். எந்த வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். இதை எழுதிக்கொடுத்தவர்கள் ஒரு வாசலுக்கேனும் வரவில்லை" என்றார் அவர்.

அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை விளங்கிக்கொள்ள, அந்த நூற்றுக்கு நூறு எவ்விதம் வந்தது என்று அறிதல் வேண்டும். இணைய சேவை வழங்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு இருமுறை 477 ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பி ஆணைக்குழுவுக்கு அனுப்புவது அக்காலத்து வழக்கம். வீடுவீடாகக் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. நாடு முழுவதும் குடிசன மதிப்புக்காக ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட துண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு துண்டத்தில் ஒரேயொரு வீட்டுக்குச் சேவை கொடுத்தாற் போதும். கொடுக்காவிட்டாலும் அதிகச் சிரமமின்றிச் சில நாளிற் கொடுக்கக் கூடுமாயின் அதுவும் போதும். அந்தத் துண்டம் முழுவதும் வசதி பெற்றதாகவே கொள்ளப்படும். நகரத்திலே துண்டம் என்பது நாற்புறமும் தெரு சூழ்ந்த சிறு குறிச்சி. அங்கே பிழை வந்தாலும் சிறு பிழையே. மலைநாட்டிலோ ஒரு துண்டம் பல சதுர மைல் பரந்து கிடக்கும். அதன் ஓர் அந்தத்தில், பெருந்தெருவோரத்துக் கடைக்குக் கம்பி வந்துவிட்டால், மலைக்கு அப்பாலுள்ள பண்ணைவீட்டுக்கும் வந்ததாகவே ஏடு சொல்லும். வகுப்பிலே ஒரு மாணவன் கணக்கைச் சரியாகச் செய்தான் என்பதற்காக வகுப்பு முழுவதற்கும் நூறு புள்ளி இடுவதை ஒத்தது இது.

மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தாரின் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. அவர்களும் வியாபாரிகளே, தொலைக்காட்சி அலைவரிசைகளின் இடைவெளிகளைக் கொண்டு நாட்டுப்புறங்களுக்கு இணையம் கொடுக்கும் ஒரு திட்டத்தை 2017 இல் ஆரம்பித்திருந்தனர். அன்றியும், வசதி இருப்பது வேறு, அதை ஒருவர் பயன்படுத்துவது வேறு. வாசலிற் கம்பி வந்தும் பணமில்லாமலோ விருப்பமில்லாமலோ எடுக்காதவர் இருப்பர். வீட்டினுள்ளே பழைய கருவியால் வேகம் குறைந்தோரும் இருப்பர். நாடு முழுவதற்கும் ஆணைக்குழு சொன்ன வசதியற்றோர் தொகை 2 கோடி 47 இலட்சம். மைக்ரோசொஃப்ட் சொன்ன, அகலப்பட்டை வேகத்திற் பயன்படுத்தாதோர் தொகை 16 கோடி 28 இலட்சம். இரண்டும் ஒரே பொருளை அளந்தவையல்ல. உண்மை இடையிலே எங்கோ இருத்தல் கூடும். ஆனால் இரண்டுக்கும் நூறுக்கும் உள்ள வெளியை இத்தகைய சமாதானங்களால் நிரப்ப முடியுமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

ஏட்டுக்கணக்கு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம். 2019 பெப்ரவரியில் அதே ஆணைக்குழு, வசதியற்றோர் தொகை 1 கோடி 94 இலட்சமாகக் குறைந்துவிட்டது என்று பெருமிதத்துடன் அறிவித்தது. அடுத்த மாதமே ஒரு பொதுநல அமைப்பினர் அதில் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தனர். நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம், முதன்முறையாகப் படிவம் நிரப்பியபோது, எட்டு மாநிலங்களில் 6 கோடி 20 இலட்சம் மக்கள் வாழும் துண்டங்கள் அனைத்துக்கும் அதிவேக இணையம் தன்னால் வழங்கப்படுகிறது என்று எழுதிவிட்டது. நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர்! எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னர் தொகை 2 கோடி 13 இலட்சம் என்று திருத்தப்பட்டது. ஒரு கையெழுத்தால் இலட்சக்கணக்கானோர் வசதி பெற்றனர். மற்றொரு கையெழுத்தால் அதை இழந்தனர். ஒருவர் வீட்டிலும் யாதொரு மாற்றமுமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னார்கள். அந்தச் சுரைக்காயை எண்ணிச் சந்தைக்கணக்கு எழுதுவார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

முதியவரிடம் திரும்புவோம். 2020 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்துப் பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டன. அது அவருடைய சேவையின் கடைசி ஆண்டு. பஸ்ஸில் ஏறப் பிள்ளைகள் இல்லை. ஆயினும் பஸ் ஓடியது. பிள்ளைகளுக்குப் பதிலாக உணவுப் பொதிகளும், பாடங்கள் அச்சிட்ட தாள்களை இட்ட பெரிய உறைகளும் ஆசனங்களில் அமர்ந்திருந்தன. திங்கட்கிழமை வாசலிற் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை எழுதிய தாள்களை வாங்கி வருவார். ஒரு பெண்பிள்ளை உறையோடு ஒரு சிறு குறிப்பும் வைத்தாளாம்: ஆசிரியையின் குரல் கேட்க வேண்டும், என்ன செய்யலாம் என்று. அவளுடைய தாயார் வேலை முடிந்து வந்தபின் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு இருபது மைல் போய், பாடசாலைச் சுவரின் ஓரத்தில் நிறுத்தி, காருக்குள்ளே இருந்தபடி பாடத்தைக் கேட்க வைத்தார். அக்காலத்தில் மாநில அரசாங்கமே நூலகங்களின் தரிப்பிடங்கள் போன்ற இடங்களில் இவ்வாறு காரில் இருந்தபடி இணையம் பெற ஒழுங்கு செய்திருந்தது. "அந்த வீடும் ஏட்டிலே வசதியுள்ள வீடுதான்" என்று சொல்லிக் கோப்பியை ஆற்றினார்.

இதைக் கேட்டபோது அவர் சொன்ன காட்சி எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அதே 2020 இல் எங்களிடமும் படிவங்கள் வந்தன. மாணவர் வீட்டில் இணைய வசதி உண்டா, இல்லையா? தீவுப்பகுதியிலிருந்து வரும் மாணவன் ஒருவனின் தாயார் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சேர், மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன். அதுவும் இவர் கடலுக்குப் போகையில் அவரோடு போய்விடும். உண்டு என்று போடுவதா, இல்லை என்று போடுவதா?" என்று கேட்டார். படிவத்தில் இரண்டு கட்டங்களே இருந்தன. மறு ஆண்டு, மலைநாட்டிலே போஹிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள் தம் ஆசிரியையோடு காட்டுவழியே மைல்கணக்கில் நடந்து, ஒரு பாறையுச்சியில் ஏறிப் பாடங்களைப் பெற்ற செய்தியை உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. செல்வம் மிக்க நாட்டிலுள்ளோர் காரில் ஏறினர். நம்மவர் பாறையில் ஏறினர். வேறுபாடு அவ்வளவே.

அமெரிக்கர் தம் தவற்றைக் கண்டுகொள்ளாமலில்லை. செவ்விந்தியர் நிலங்களில் இந்த ஏடுகள் வசதியை மிகைப்படுத்திக் காட்டுகின்றன என்று அவர்களுடைய அரசாங்கக் கணக்காய்வு அலுவலகமே 2018 இல் எழுதியது. 2020 மார்ச்சில் புதிய சட்டம் பிறந்தது. துண்டங்களை விட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு புள்ளியிட்டு ஒரு தேசப்படம் வரைய வேண்டும் என்று அது விதித்தது. 2022 நவம்பரில் அப்படம் வெளியாயிற்று. யாரும் தம் முகவரியைத் தட்டிப் பார்க்கலாம், பிழையாயின் ஆட்சேபிக்கலாம். முதியவரின் மேசைமேல் கிடந்தது இந்தப் புதுப் படமே. பழைய முறையிலும் இது எவ்வளவோ மேல். ஆயினும் புள்ளிக்கு 'உண்டு' என்று எழுதிக்கொடுப்பவர் இன்னும் அந்த நிறுவனத்தாரே. மலையுச்சியிற் கோபுரம் நிறுத்தி வானலையால் இணையம் அனுப்பும் ஒரு நிறுவனம் அவர் வீட்டையுந் தன் கணக்கிற் சேர்த்திருந்தது. அவர் அழைத்தபோது ஒரு வாலிபர் வந்தார், கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் குன்றைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், போய்விட்டார்.

அதுவரை அவர் நம்பியிருந்தது பழைய செய்மதிச் சேவை. அத்தகைய செய்மதி ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பது. ஒரு கேள்வி மேலேறிக் கீழிறங்கி, விடை மறுபடி மேலேறிக் கீழிறங்க ஒளியின் வேகத்திலேயே அரைச் செக்கன் ஆகிறது. மகளோடு பேசினால் இருவரும் ஒருவரை ஒருவர் இடைமறித்துக்கொண்டே இருப்பராம். மாதத்தின் பங்கு முடிந்துவிட்டாலோ ஆமை வேகம். இப்போது 550 கிலோமீற்றர் அளவான தாழ்ந்த பாதையிற் சுற்றும் செய்மதிகள் வந்துள்ளன. அயலவர் ஒருவர் அதை வாங்கி நன்றாகவே பயன்படுத்துகிறார். முதியவர் வீட்டைச் சூழ்ந்து நிற்பவையோ நூறடிப் பைன் மரங்கள். அவற்றுக்கு வானம் தெரிவதில்லை. மனைவி நட்ட மரங்களும் அவற்றுள் உண்டு, வெட்ட மாட்டேன் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

இத்தனைக்கும் இது ஒரு புள்ளியைப் பற்றிய வழக்குத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு முயற்சி என்று கேட்டேன். அவர் ஒரு செய்தித்தாளை எடுத்து வைத்தார். நாட்டுப்புறங்களுக்கு இணையம் கொண்டுசெல்ல 2021 இன் சட்டமொன்று 4,245 கோடி டொலரை ஒதுக்கியிருந்தது. நான் போன அந்த ஜூன் மாத இறுதியிலேதான் அதை மாநிலங்களுக்குப் பங்கிட்டனர். வாஷிங்டன் மாநிலத்தின் பங்கு 122 கோடி 77 இலட்சம் டொலர். பங்கிட்டது எப்படி? அந்தத் தேசப்படத்தில் 'இல்லை' என்று குறிக்கப்பட்ட புள்ளிகளை எண்ணி. 'உண்டு' என்று குறிக்கப்பட்ட வீட்டுக்கு அந்தப் பணத்தில் ஒரு முழக் கம்பியும் வராது. நூறு புள்ளி பெற்ற மாணவனுக்கு மேலதிக வகுப்பு எதற்கு? வசதியில்லாமல் இருப்பதிலும் பார்க்க, வசதியுள்ளவன் என்று எழுதப்பட்டு வசதியில்லாமல் இருப்பது பொல்லாதது என்பது எனக்கு அப்போதுதான் தெளிவாயிற்று. முன்னவனுக்கு ஒருநாள் யாராவது வருவர். பின்னவனின் கதவை எவரும் தட்டார்.

ஆட்சேபத்தை இணையத்தின் வழியாகவே அனுப்ப வேண்டியிருந்தது! அதற்காக அவர் றிப்பப்ளிக்குக்குக் காரோட்டிச் சென்றார். நிறுவனம் பதிலளிக்க அறுபது நாள். அதன்பின் இருசாராரும் ஒரு முடிவுக்கு வர மேலும் அறுபது நாள். தாம் அழைத்த திகதியையும், வாலிபர் வந்த திகதியையும், குன்றின் படத்தையும் வைத்து அனுப்பியதாகச் சொன்னார். பாடசாலைப் பஸ்ஸின் ஓட்டப் புத்தகத்தை எழுதிய கை அல்லவா? எழுத்து ஒழுங்காகவே இருந்தது.

திரும்பும்போது வேறு வழியாக, ஷெர்மன் கணவாய் ஏறி வந்தோம். 5,575 அடி, நுவரெலியாவிலுஞ் சற்றே தாழ்வு. மாரியிலும் மூடாது திறந்து வைக்கும் கணவாய்களுள் அம்மாநிலத்தில் இதுவே மிக உயர்ந்தது. 1988 இல் எரிந்த காட்டின் கருகிய மரங்கள் இன்னும் சில நிற்க, அவற்றின் அடியிலே இளங்காடு ஆளுயரத்துக்கும் மேலாக எழுந்துவிட்டது. காற்றிலே பைன் பிசினின் வாசனை. உச்சியில் இறங்கி நின்றபோது நாற்றிசையும் மலைகளே. ஒரு கூரையும் கண்ணிற்படவில்லை. ஆனால் அந்த மரங்களுக்கடியில் வீடுகள் உண்டு என்பதை நான் இப்போது அறிவேன். கீழிறங்கிக் கொலம்பியா நதியின் பாலத்தை அணுகியபோது மருமகளின் கைத்தொலைபேசி ஒருசேரப் பல முறை ஒலித்தது. கல்லிலையின் படம் தோழிக்குப் போய்விட்டது.

அதன்பின் நடந்தவற்றையுஞ் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் ஆணைக்குழு அகலப்பட்டையின் வரைவிலக்கணத்தையே உயர்த்திற்று. செக்கனுக்கு 25 மெகாபிட் என்றிருந்த இறக்க வேகம் 100 ஆயிற்று. நேற்றுவரை 'உண்டு' என்றிருந்த வீடுகள் பல ஒரே நாளில் 'இல்லை' ஆயின. வறிய குடும்பங்களுக்கு மாதம் 30 டொலரும், செவ்விந்தியர் நிலங்களில் 75 டொலர் வரையும் கொடுத்து வந்த கட்டண உதவி, பணம் முடிந்தமையால் 2024 ஜூன் முதலாந் திகதியோடு நின்றது. அதை நம்பியிருந்தவை 2 கோடி 30 இலட்சம் குடும்பங்கள். கம்பி வாசலுக்கு வந்தும் உள்ளே வராத வீடுகள் இவை. எந்தத் தேசப்படத்திலும் இவற்றுக்குத் தனி நிறம் இல்லை. கம்பி இழுக்கும் பெருந்திட்டத்தின் விதிகளும் 2025 ஜூனில் மாற்றப்பட்டன; செய்மதிகளுக்கு முன்னிலும் அதிக இடம் கிடைத்தது.

முதியவருடன் மைத்துனர் இன்றும் தொடர்பு வைத்திருக்கிறார். 2024 தைப்பொங்கலன்று தங்கை என்னோடு பேசியபோது, அவருடைய ஆட்சேபத்தை நிறுவனத்தார் ஒப்புக்கொண்டு விட்டனர் என்ற செய்தியைச் சொன்னாள். அவர் வீட்டிலே இணைய வசதி இல்லை என்பது இப்போது அரசாங்க ஏட்டில் முறைப்படி ஏறிவிட்டதாம். அந்தப் பக்கத்தை அச்சிட்டுச் சுவரிலே மாட்டி வைத்திருக்கிறார் என்றாள்.